பொத்தான் இல்லாத சட்டை: மனித உயிரணு ஆய்வும் கலையின் பணியும்

உயிரணு ஆய்வை மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சிகளில் கலைக்குப் பெரும்பாலும் ஒதுக்கப்படுவது அலங்கார வேலைதான். ஒளிரும் சாயமேற்றிய நுண்ணோக்கிப் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். வருபவர் வியந்துவிட்டு நகர்கிறார். மக்களுக்கு அறிவியல் புரியவில்லை, புரிய வைத்தால் போதும் என்ற பழைய எண்ணத்தின் மிச்சம் இது. லண்டன் ராயல் சொசைட்டியின் 1985ஆம் ஆண்டு பாட்மர் அறிக்கை அந்த எண்ணத்துக்கு வடிவம் தந்தது. 2000இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவைக் குழு, தேவைப்படுவது உரையாடல் என்று திருத்தியது. கொள்கை மாறிற்று, சுவரில் தொங்கும் படங்கள் அவ்வளவாக மாறவில்லை. இந்த உயிரணு யாருடையது, அவருக்கு நாம் பட்ட கடன் என்ன என்று ஒரு படைப்பு கேட்கும்போதுதான் மக்கள் ஆய்வுக்குள் வருகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியேட்டா லாக்ஸ், ஐந்து குழந்தைகளின் தாய், கறுப்பினப் பெண். அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட திசு, ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்தில் சாகாமல் பெருகியது. அவ்வாண்டு அக்டோபரில் 31 வயதில் அவர் இறந்தார். ஹீலா என்று பெயரிடப்பட்ட உயிரணுக்களோ போலியோ தடுப்பூசிச் சோதனை முதல் எண்ணற்ற ஆய்வுகளுக்குப் பயன்பட்டன. அவை ஆய்வகங்களில் உயிரோடிருக்கும் செய்தி குடும்பத்துக்குத் தெரியவர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஓவியர் காதிர் நெல்சன் 2017இல் வரைந்த லாக்ஸின் உருவப்படம் இங்கே ஊன்றிப் பார்க்கத் தக்கது. தலையைச் சுற்றி ஒளிவட்டம்போல் வைக்கோல் தொப்பி, கையில் விவிலியம். உடையிலுள்ள பூக்கள் உயிரணுக்களை நினைவூட்டுகின்றன. பின்சுவரின் வடிவக்கோலம் சாகாமையைக் குறிக்கிறது. இவ்வளவும் போற்றுதல். ஆனால் சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. கேட்காமல் எடுத்ததை அந்த வெற்றிடம் சொல்கிறது. நவீன மருத்துவத்தின் தாய் என்ற தலைப்பு, அவரே மனமுவந்து கொடுத்ததுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. பொத்தான் இல்லாத இடம் அதை மறுக்கிறது. ஓவியர் இந்த முரணைத் தீர்க்காமல் விட்டதே படத்தின் வலிமை என்பேன். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் லாக்ஸைப் பற்றிய தன் திரைப்படத்தையொட்டி வரையச் சொன்ன படம் இது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விளம்பரத்துக்குப் பிறந்தது விளம்பரத்தைத் தாண்டிவிட்டது.

கலைஞர்கள் ஓரான் கட்ஸ், அயோனாட் ஸுர் இருவரும் வேறு வழியில் போனவர்கள். உயிருள்ள திசுவையே கலைப்பொருளாக்கினார்கள். அவர்கள் வளர்த்த சிறிய தோல்சட்டை 2008இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. எலியின் உயிரணுக்களால் ஆன அது அளவுமீறிப் பெருகவே, கண்காட்சிப் பொறுப்பாளர் பாவ்லா அன்டோனெல்லி அதற்குச் செல்லும் ஊட்டத்தை நிறுத்தவேண்டி வந்தது. அதைக் கொல்வதாகவே அவர் உணர்ந்தார். எலியின் உயிரணு என்றாலும் பாடம் மனித உயிரணுவுக்கும் பொருந்தும்: வளர்ப்புக் குடுவையில் இருப்பது வெறும் பொருளா, உயிரா என்ற வினா, எந்த விளக்கப்பலகையும் இன்றி அங்கே எழுந்தது.

இத்தகைய கலை மக்களை மிரட்டி, ஆய்வுக்குத் திசு தருவோரை விரட்டிவிடும் என்று அறிவியலாளர் சிலர் அஞ்சலாம். பொருட்படுத்த வேண்டிய அச்சம்தான். எனினும் ஹீலா வரலாறு வேறு திசையைக் காட்டுகிறது. 2013இல் ஹீலாவின் மரபணுத்தொகுதி குடும்பத்தைக் கேட்காமல் வெளியிடப்பட்டுக் கண்டனம் எழுந்தது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் குடும்பத்தாரோடு பேசி, அத்தரவைப் பயன்படுத்தக் கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் அவர்களுக்கும் இடமளித்தது. அதனால் ஆய்வு நின்றுவிடவில்லை. நம்பிக்கையைக் குலைத்தது கேளாமல் எடுத்த செயல். அதை நினைவூட்டும் ஓவியமன்று.

உடலின் உயிரணு வகைகள் அனைத்தையும் வரைபடமாக்க 2016இல் தொடங்கிய மனித உயிரணு வரைபடத் திட்டம், உலகெங்கும் உள்ளோர் தரும் திசுவை நம்பியது. இத்தகைய திட்டங்களை நடத்துவோர் முடிவுகள் வந்தபின் கண்காட்சி அமைக்க மட்டும் கலைஞரை அழைக்கக் கூடாது. ஒப்புதல் படிவம் எழுதப்படும் மேசையிலேயே, திசு தருவோரின் அருகில், கலைஞருக்கும் ஓர் இருக்கை போடட்டும்.