மேசையில் உள்ளதே பணயம்: முந்நூற்று நாலும் போக்கர் அறையும்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் போக்கர் அறை கிடையாது. ஆனால் அத்தகைய அறை எதிர்கொள்ளும் இரண்டு கேள்விகள் வலிகாமத்துத் திண்ணைகளுக்கும் பழக்கமானவை: ஒருவர் எவ்வளவு இழக்கலாம், எந்த இடத்தில் யார் இருக்கலாம்? அங்கே ஆடப்படும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் இவற்றுக்குத் தன் விதிக்குள்ளேயே விடை வைத்திருக்கிறது. போக்கருக்கோ சட்டமும் சம்பளக்காரரும் தேவைப்பட்டனர்.

எல்லையில்லாப் பணயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வில்லிபாரதத்தின் சூதுபோர்ச் சருக்கமே சான்று. நாட்டையும் தம்பியரையும் தன்னையும் தோற்ற தருமன் திரௌபதியையும் வைக்கிறான்; பலகையில் இல்லாததை வைக்கக்கூடாது என்று சொல்ல அந்த அவையில் விதி இல்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போக்கரிலும் தொடக்கத்தில் இதே ஓட்டை இருந்தது. பணமுள்ளவர் மற்றவரால் ஈடுகட்ட முடியாத தொகையை ஏற்றி, நல்ல சீட்டு வைத்திருப்பவரையே விரட்டிவிடலாம்.

மேசைப் பணய விதி இதை அடைத்தது. சீட்டுப் பகிரும்போது முன்னால் இருக்கும் சில்லுகள் மட்டுமே அந்த ஆட்டத்துக்கு உரியவை. நடுவில் பையைத் திறக்க இயலாது. குறைவாக வைத்திருப்பவர் உள்ளது முழுவதையும் வைத்துவிட்டுக் கடைசிவரை இருக்கலாம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு மற்றவர்கள் தனிக் குவியலில் மோதுவார்கள். வென்ற சில்லை ஆடிக்கொண்டே பைக்குள் போடவும் முடியாது. தோற்றவனுக்கு மீட்கும் வாய்ப்பு மேசையிலேயே கிடக்க வேண்டும் என்பது இதன் நியாயம். விதியின் கூர்மையான பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

இருக்கை ஒழுங்கு வேறு வழியில் வளர்ந்தது. கலிபோர்னியாவின் கார்டீனா நகரில் 1936 முதல் இயங்கிய சீட்டு மண்டபங்கள் குவியலில் பங்கு எடுக்காமல், இருக்கைக்கு நேரக் கணக்கில் வாடகை வாங்கின. அப்படியானால் வெற்றிருக்கை நட்டம். காத்திருப்போர் பட்டியலும், நெடுநேரம் எழுந்துபோனவரின் சில்லுகளை எடுத்துவைத்து இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் மேற்பார்வையாளரும் இந்தக் கணக்கோடு பொருந்தி வருகின்றனர்.

முந்நூற்று நாலில் வாடகை வாங்குபவர் இல்லை. 32 தாள், ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2, ஒரு சாதிக்கு 76, நான்குக்கும் 304. நான்கு தாள் கிடைத்ததும் கேள்வி (ஏலம்) கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்தபின் மிகுதி நான்கு தாள் வரும். ஜாக்கும் ஒன்பதும் தலைமை பெறுவது ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தின் துரும்புச் சாதியிலும் உண்டு. இஸ்கோப்பன், கலாவரை என்ற சாதிப் பெயர்களும் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அவர்களுடையவையே. பெயர் வந்த கப்பலில்தான் ஆட்டமும் வந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். உறவு மட்டும் மறுக்கவியலாதது.

பணயம் இங்கே கல். கேள்வி உயர உயர வெல்லும் கல் கூடும்; ஆனால் பரவலான கணக்கில், தோற்றால் கொடுப்பது வெல்வதைவிட எப்போதும் ஒரு கல் அதிகம். வீண் துணிவுக்கு விலை கேள்வியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூட்டாளி எதிரே இருப்பதால் தனியாக எழும்ப முடியாது. தோற்ற சோடி எழும்பினால் காத்திருக்கும் சோடி இருக்கும்.

இலங்கைச் சட்டம் திண்ணையைப் பெரும்பாலும் தொடவில்லை. 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுமக்கள் புகக்கூடிய இடங்களிலும் பொதுச் சூதாட்ட இடங்களிலும் பணயம் வைத்து ஆடுவதையே குறிவைத்தது. கசினோவுக்கென்று தனிச்சட்டம் 2010இல்தான் வந்தது; ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் 2025இல், கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ திறந்த அதே ஆண்டில்.

இதற்கிடையே முந்நூற்று நாலும் திண்ணையை விட்டு இறங்கிவிட்டது. புலம்பெயர்ந்தோர் கனடாவில் நடத்தும் சுற்றுப்போட்டிகளில் அது மண்டபத்துக்குப் போயிருக்கிறது. அங்கே யார் எந்த மேசை என்பதைத் தோற்ற சோடியின் எழும்புதல் தீர்மானிப்பதில்லை. பட்டியலோடு நிற்கும் ஒருங்கிணைப்பாளர் தீர்மானிக்கிறார்.