ஐந்து வாய் உள்ள புழு: ஒரு தவறான பெயரின் 200 ஆண்டு வரலாறு

இன்றைய பதிவு சற்று அருவருப்பானது. சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசி பார்ப்பவர்கள், சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து படியுங்கள். பாம்பின் நுரையீரலுக்குள் குடியிருக்கும் ஓர் உயிரியைப் பற்றி எழுதப்போகிறேன். அது யார் என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் பிடித்தன.

1799 ஜூலை 16. இன்றைய வெனிசுவேலாவின் கடற்கரை ஊரான குமனாவில் 'பிசாரோ' என்ற ஸ்பானியக் கப்பல் நங்கூரம் போட்டது. அதிலிருந்து இறங்கியவர்களில் இருவர் நமக்கு முக்கியம். ஒருவர் 29 வயது ஜெர்மானியர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். மற்றவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எமே போன்ப்லான். உண்மையில் அவர்கள் கியூபாவுக்குத்தான் போயிருக்க வேண்டும். கப்பலில் காய்ச்சல் பரவியதால் வழியிலேயே இறங்கிவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் தென் அமெரிக்க அறிவியல் வரலாற்றையே மாற்றியது.

ஹம்போல்ட் கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பவர், அறுத்துப் பார்ப்பவர். குமனா பகுதியில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. வால் நுனியில் இருக்கும் வளையங்களை ஆட்டிக் கிலுகிலு என்று ஒலி எழுப்பும் விரியன் வகை அது. அந்தப் பாம்பின் நுரையீரலில் புழுக்கள் இருப்பதை அவர் கண்டார். குடலில் புழு இருப்பது எல்லோரும் அறிந்த சங்கதி. காற்று போய்வரும் நுரையீரலில் புழு என்பதுதான் ஆச்சரியம். 1811-12 காலத்தில் வெளிவந்த தமது விலங்கியல் தொகுப்பில் இதைப் படத்துடன் விவரித்தார். 'போரோசெஃபாலஸ்' என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. கிரேக்கத்தில் 'துளைத் தலையன்' என்று பொருள். இன்றும் அதன் அறிவியல் பெயர் போரோசெஃபாலஸ் குரோட்டாலி. குரோட்டாலஸ் என்பது அந்தப் பாம்பின் பெயர்.

அடுத்து பெர்லினைச் சேர்ந்த கார்ல் ருடோல்ஃபி வந்தார். ஒட்டுண்ணிப் புழுக்களின் இயலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவர் 1819இல் இந்த வகை உயிரிகளுக்குப் 'பென்டாஸ்டோமா' என்று பெயர் வைத்தார். 'ஐந்து வாய்' என்று அர்த்தம். தலைப்பக்கத்தில் ஐந்து துளைகள் தெரிந்தன, அதனால் அந்தப் பெயர். உண்மையில் வாய் ஒன்றுதான். மற்ற நான்கும் கொக்கிகள் இருக்கும் குழிகள். அந்தக் கொக்கிகளால் நுரையீரல் சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுவிலுள்ள ஒற்றை வாயால் இரத்தம் குடிக்கிறது. பெயர் தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றும் இந்தக் கூட்டத்தின் பொதுப்பெயர் பென்டாஸ்டோமிடுகள்தான்.

இப்போது பிரேசிலுக்குப் போவோம். 1817இல் ஆஸ்திரிய இளவரசி லியோபோல்டினா போர்ச்சுகல் இளவரசர் பெட்ரோவை மணந்து பிரேசிலுக்குப் போனார். அந்தத் திருமணத்தையொட்டி வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழுவும் கப்பலேறியது. அதில் ஒருவர் யோஹான் நாட்டரர். மற்றவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார்கள். நாட்டரர் திரும்பவில்லை. 18 ஆண்டுகள் காட்டிலும் ஆற்றிலும் அலைந்தார்.

பறவை சேகரிப்பவர்கள் வழக்கமாகத் தோலை உரித்துப் பதப்படுத்திவிட்டு உடலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நாட்டரர் அப்படிச் செய்யவில்லை. பறவையானாலும் பாம்பானாலும் வயிறு, குடல், நுரையீரல் என்று திறந்து பார்த்து, உள்ளே இருந்த புழுக்களைச் சாராயத்தில் போட்டு, எந்த விலங்கில் எடுத்தது என்று எழுதி அனுப்பினார். வியன்னாவுக்கு அவர் சேர்த்தவற்றில் 12,000க்கும் மேற்பட்ட பறவைகள் உண்டு. புழுக்கள் மட்டும் 1,729 குப்பிகள். கணக்கு ஆசிரியர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரும். நம் ராமானுஜன் ஹார்டியிடம் சொன்ன டாக்ஸி எண்ணேதான்! தற்செயல்தான், ஆனால் மறக்கவே முடியாது.

நாட்டரர் தம் பயணத்தைப் பற்றி ஒரு நூல்கூட எழுதி முடிக்காமல் 1843இல் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1848 புரட்சியின்போது, பேரரசின் படைகள் வியன்னாவைப் பீரங்கியால் தாக்கின. அரண்மனைக் கூரை தீப்பற்றியது. அங்கே வைத்திருந்த நாட்டரரின் நாட்குறிப்புகள் எரிந்துபோயின. மனிதரும் போனார், அவர் எழுதியதும் போனது. புழுக்குப்பிகள் மிஞ்சின.

அந்தக் குப்பிகளை எடுத்துப் படித்தவர் கார்ல் மோரிட்ஸ் டீசிங். நாட்டரர் கொண்டுவந்ததையும் வைத்து 1836இலேயே பென்டாஸ்டோமா பற்றித் தனி ஆய்வுரை எழுதியிருந்தார். 1850, 51இல் அன்று அறியப்பட்ட ஒட்டுண்ணிப் புழுக்களையெல்லாம் இரண்டு தொகுதிகளில் வரிசைப்படுத்தினார். அந்தக் காலகட்டத்திலேயே அவருடைய பார்வை போய்விட்டது. அதன்பிறகும் பிறர் கண்களின் துணையோடு ஆண்டுக்கணக்கில் எழுதினார். கொக்கியையும் துளையையும் எண்ணிப் பிழைக்க வேண்டிய தொழிலில் கண் இல்லாமல் உழைத்திருக்கிறார். இந்த மனிதரை எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, அந்த உயிரி யார்? வெளியே பார்த்தால் புழு. நீளமான உடல், வளையம் வளையமாகக் கோடு, கால் கிடையாது. ஆனால் 1840களின் இறுதியில் பெல்ஜியத்தின் வான் பெனடென் முட்டைக்குள் இருக்கும் குஞ்சைக் கவனித்தார். அதற்குக் குட்டையான கால்கள் இருந்தன! புழுவுக்கு ஏது கால்? 1860இல் ஜெர்மனியின் லாய்க்கார்ட் இதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு உயிரியை வைத்து, நாய்க்கும் முயலுக்கும் இடையே அதன் வாழ்க்கைச் சுற்றைச் சோதனை செய்து காட்டினார்.

கிலுகிலுப்பைப் பாம்பின் கதையும் அதே மாதிரிதான். நுரையீரலில் இருக்கும் பெண் உயிரி முட்டையிடும். முட்டை மூச்சுக்குழல் வழியே வாய்க்கு ஏறி, விழுங்கப்பட்டு, மலத்தோடு வெளியே வரும். எலி அதைத் தின்னும். எலியின் உடலுக்குள் குஞ்சு பலமுறை தோலுரித்து வளர்ந்து, ஓர் உறைக்குள் சுருண்டு காத்திருக்கும். எலியைப் பாம்பு விழுங்கினால், குடலைத் துளைத்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்ச் சேரும். இரைக்கும் இரையுண்ணிக்கும் இடையே இருக்கும் உறவை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது.

1972இல் விங்ஸ்ட்ராண்ட் என்ற விலங்கியலாளர், பல்லியின் நுரையீரலில் வாழும் ஒரு பென்டாஸ்டோமிடின் விந்தணுவையும், மீன்மேல் ஒட்டி வாழும் மீன்பேனின் விந்தணுவையும் மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். இரண்டின் அமைப்பும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தது. மீன்பேன் என்பது இறால், நண்டு சேர்ந்த கூட்டத்தில் ஒன்று. 1989இல் ஏபலும் அவருடைய கூட்டாளிகளும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையை ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பென்டாஸ்டோமிட் எது தெரியுமா? ஹம்போல்ட் விவரித்த அதே போரோசெஃபாலஸ் குரோட்டாலி.

ஆக, அது புழு அல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. கடலோரத்தில் தொடங்கிய ஒரு குடும்பத்தின் கிளை, பாம்பின் மூச்சுக்குள் குடியேறி, கால்களை இழந்து, புழு வேடம் போட்டிருக்கிறது. சுவீடனில் கிடைத்த கேம்பிரியன் காலப் புதைபடிவங்களை வைத்து மறுத்தவர்களும் உண்டு. ஆனால் அதன்பின் வந்த மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் இந்த உறவையே உறுதி செய்கின்றன.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இன்னொரு தீயைப் பற்றிச் சொல்லத்தான். சாவோ பாவ்லோவின் புட்டன்டான் நிறுவனம் பாம்புக்கடி மருந்துக்குப் பேர்போனது. வைட்டல் பிரேசில் என்ற மருத்துவர் 1901இல் அதன் முதல் இயக்குநரானார். கிராமத்து விவசாயிகள் பாம்பை உயிரோடு பிடித்துப் பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்புவார்கள். பதிலுக்கு நிறுவனம் விஷமுறிவு மருந்து அனுப்பும். இப்படி ஊர் ஊராக வந்த பாம்புகள் ஒரு நூற்றாண்டில் பெரும் சேகரிப்பாயின. 2010 மே 15 அன்று அந்தக் கட்டடம் எரிந்தது. ஏறத்தாழ 80,000 பாம்புகள் சாம்பலாயின. பதப்படுத்திய பாம்புகள் பலவற்றுக்குள் அவற்றின் புழுக்களும் இருந்திருக்கும். அந்தப் பாம்புகள் வந்த காடுகளில் பல இன்று கரும்பும் காப்பியுமாகிவிட்டன. மறுபடி போய்ப் பிடித்துவர முடியாது.

அருங்காட்சியகத்துக்குப் பணம் கேட்டால், "செத்த பாம்பை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு. நாட்டரர் குப்பியில் போட்டபோது அந்தப் புழு எதற்குப் பயன்படும் என்று அவருக்கும் தெரியாது. டீசிங்குக்கும் தெரியாது. மின்னணு நுண்ணோக்கியையும் மரபணுவையும் அவர்கள் கனவிலும் கண்டதில்லை. ஆனாலும் மூடியை இறுக்கி, எங்கே, எதில் எடுத்தது என்று எழுதி ஒட்டினார்கள். நம் ஊர்க் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் ஸ்பிரிட் வற்றிப்போய் அலமாரியில் கிடக்கும் பழைய குப்பிகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் துறைகளில் பணியாற்றும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே அந்த அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்பிரிட் ஊற்றுங்கள். மங்கிப்போன சீட்டைப் படிக்க முடிகிறபோதே புதுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.