தாது நிரம்பாத எனாமல்: சென்னைச் சிறாரின் முதல் கடைவாய்ப் பல்லை முன்வைத்து

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாறிலோ, பல் மருத்துவரிடம் ஏழெட்டு வயதுப் பிள்ளையை அழைத்துவரும் தாய்மார் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: “முளைக்கும்போதே மஞ்சளா இருந்துது டாக்டர். ஐஸ் தண்ணி பட்டா கூசுதுன்னு அழறான், பிரஷ்ஷே வைக்க விடமாட்டேங்கறான். எங்க போர் தண்ணியாலயா, இல்ல கால்சியம் கம்மியா?” இரண்டு ஐயங்களும் நியாயமானவை. ஆனால் அந்த எனாமலின் உட்கூற்றை ஆராய்ந்தால் இரண்டுமே நிலைக்கவில்லை. பழுது, கால்சியம் வந்து சேராததில் இல்லை. வெளியேற வேண்டிய புரதம் வெளியேறாமல் நின்றதில் இருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

நல்ல எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது. மீதம் பெரும்பாலும் நீர். புரதம் ஒரு விழுக்காட்டளவே. அந்தத் தாது ஹைட்ராக்ஸிஅபடைட் படிகம். பாடநூல் வாய்பாட்டின்படி பத்துக் கால்சியத்துக்கு ஆறு பாஸ்பேட். கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67. எந்த மனிதப் பல்லிலும் இந்த வாய்பாடு தூய்மையாக இருப்பதில்லை. பாஸ்பேட் அமர வேண்டிய இடங்களில் சிறிது கார்பனேட்டும், கால்சியத்தின் இடங்களில் சிறிது மெக்னீசியமும் சோடியமும் புகுந்திருக்கும். கார்பனேட் கூடக்கூடப் படிகத்தின் ஒழுங்கு தளர்ந்து, அமிலத்தில் எளிதாகக் கரையும்.

இந்தப் படிகம் ஒரே மூச்சில் உருவாவதில்லை. எனாமலை ஆக்கும் செல்கள் முதலில் அமிலோஜெனின் நிறைந்த மெத்தென்ற புரத அச்சை இடுகின்றன. அதனுள் நூலிழை போன்ற படிகங்கள் நீள்கின்றன. பிறகு முதிர்ச்சிப் பருவம் வருகிறது. எம்.எம்.பி.-20, கே.எல்.கே.-4 என்னும் நொதிகள் புரதத்தைத் துண்டாக்க, செல்கள் அதை உறிஞ்சி அகற்ற, காலியான இடத்தில் படிகங்கள் பருக்கின்றன. சாரத்தைப் பிரித்தால்தான் சுவரின் பூச்சு முடியும் என்பது கொத்தனாருக்குத் தெரிந்தது. எனாமலிலும் அதுவே நடக்கிறது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் தாதுவேற்றம் பிறக்கும் சமயத்தில் தொடங்கி, மூன்று வயது வாக்கில் பல்முடி நிறைவடைகிறது. ஆறு வயதில் வாய்க்குள் தெரியும் பழுது, தொட்டிலில் கிடந்தபோதோ தவழ்ந்தபோதோ நேர்ந்தது.

முதல் கடைவாய்ப் பற்களையும் பல சமயம் வெட்டுப்பற்களையும் பிடிக்கும் இக்குறைக்கு 2001-இல் தனிப்பெயர் வைக்கப்பட்டது. ‘மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்’ என்னும் அப்பெயரை மருத்துவர்கள் சுருக்கமாக எம்.ஐ.எச். என்கிறார்கள். சென்னைப் பள்ளிகளில் 8 முதல் 12 வயது வரையான 2,864 சிறாரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு, 9.7 விழுக்காட்டினரிடம் இதைக் கண்டது. பத்துப் பிள்ளைகளில் ஒருவர் என்பது சிறிய எண் அன்று.

அத்தகைய ஒரு பல்லைக் காற்றுக்குழலால் உலர்த்திப் பாருங்கள். பாலேடு நிறத்தில் இருந்த திட்டு கண்ணெதிரே சுண்ணாம்பாக வெளுக்கும். அதன் விளிம்பு பென்சிலால் வரைந்ததுபோல் துல்லியமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி எனாமல் கண்ணாடியாக மின்னும். உலர்ந்ததும் வெளுப்பதற்குக் காரணம் ஒளியியல். எனாமலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. நுண்துளைகளில் நீர் போய்க் காற்று புகுந்ததும் வேறுபாடு பெருகி, ஒளி சிதறுகிறது. துளைகள் அவ்வளவு மலிந்திருக்கின்றன என்பதற்கு அந்த வெண்மையே சான்று.

துளைகளுக்கு நடுவே இருப்பது என்ன? அளந்தவர்கள் தாதுச் செறிவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். கடினத்தன்மையின் சரிவு இதைவிடப் பெரிது: நல்ல எனாமலில் 3.5 கிகாபாஸ்கல் அளவில் இருப்பது, பழுதான இடத்தில் அரை கிகாபாஸ்கல் வரை இறங்குகிறது. தாது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கடினத்தன்மை ஏழில் ஒரு பங்காக ஏன் சரிய வேண்டும்? இங்கேதான் புரதக் கணக்கு உதவுகிறது. மஞ்சள் திட்டுகளில் புரதம் நல்ல எனாமலைப்போல் எட்டு மடங்கு. பழுப்புத் திட்டுகளில் பதினைந்து மடங்குக்கும் மேல். படிகங்களைச் சுற்றிப் புரத உறை நிற்பதால் அவை ஒன்றோடொன்று இறுகவில்லை. கார்பனேட்டும் கூடுதலாக இருக்கிறது.

கால்சியம்–பாஸ்பரஸ் விகிதத்தில் மட்டும் அளவீடுகள் ஒத்துப்போகவில்லை. சிலர் அது குறைவதைக் கண்டார்கள். வேறு சிலர் மாற்றமே காணவில்லை. இந்த முரண்பாட்டை நான் என் வாதத்துக்கு வலுவாகவே கொள்கிறேன். கால்சியப் பஞ்சம்தான் காரணம் என்றால் அளந்த இடமெல்லாம் அந்த விகிதம் விழுந்திருக்க வேண்டும். உருவான படிகம் பெரும்பாலும் அபடைட்தான். அது பருக்க இடம் கிடைக்கவில்லை.

தங்கிய புரதம் எது என்பதும் முக்கியம். அமிலோஜெனின் இயல்பான அளவை ஒட்டியே இருக்கிறது. மிகுந்து காணப்படுவது இரத்தத்திலிருந்து வந்த ஆல்புமின். ஆல்புமின் அபடைட் படிகத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கக் கூடியது. எனாமல் ஏற்கெனவே உடைந்த இடங்களில் வாயிலிருந்து ஊறிய புரதங்களும் கலந்துவிடும். ஆகையால், மூலக் காரணத்தைத் தேடுபவர் உடையாத பரப்பையே மாதிரியாக எடுக்க வேண்டும்.

இனித் தண்ணீர். பல்லில் கறை கண்டால் தண்ணீரைச் சந்தேகிக்கும் பழக்கத்துக்கு இந்த மண்ணில் மதிப்புக்குரிய ஒரு வரலாறு உண்டு. கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட், மெக்ராபர்ட், கதிர்ப்படவியல் அறிஞர் பர்னார்டு முதலியோருடன் சேர்ந்து, அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் எலும்பையும் பல்லையும் தாக்கிய ஃபுளோரைடு நஞ்சேற்றத்தை 1937-இல் விவரித்தார். 1940-இல் சி.ஜி. பண்டிட் குழுவினர் அதே ஆய்வைத் தொடர்ந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோனதும் இந்த அறிவின் நீட்சிதான்.

ஆனால் ஃபுளோரைடு எனாமலின் உட்கூறு வேறு. அதில் மேற்பரப்பு நன்றாகத் தாதுவேறி, அதற்கடியில் துளைகள் இருக்கும்; படிகத்தில் ஃபுளோரைடு மிகுந்திருக்கும். வெண்மை ஒரே காலத்தில் உருவான பற்களில் இடமும் வலமும் ஒத்து, தெளிவான எல்லையின்றிப் படர்ந்திருக்கும். எம்.ஐ.எச். அப்படியல்ல. நான்கு முதல் கடைவாய்ப் பற்களில் இரண்டு நொறுங்கிக் கிடக்க, மற்ற இரண்டும் பழுதில்லாமல் நிற்கும். ஒரே குடத்துத் தண்ணீர் ஒரு பல்லை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. மந்தைவெளி போர் தண்ணீரின் உப்பையும், கேன் தண்ணீரையும், நெம்மேலியிலிருந்து வரும் கடல்நீர்க் குடிநீரையும் இதற்குக் குற்றம் சொல்ல உட்கூற்றில் இடமில்லை.

கால்சியத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தால் அந்நேரம் தாதுவேறிக்கொண்டிருந்த எல்லாப் பற்களிலும் ஒரே மட்டத்தில் அடையாளம் விழுந்திருக்கும். முளைத்துவிட்ட எனாமலில் செல்லும் இல்லை, இரத்தமும் இல்லை. குடிக்கும் டானிக் அங்கே போய்ச்சேர வழியே கிடையாது. டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓராண்டு காத்திருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அந்த ஓராண்டில்தான் பல் நொறுங்குகிறது.

சிகிச்சையும் உட்கூற்றை ஒட்டியே அமைய வேண்டும். 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம் நல்ல எனாமலில் தேன்கூடு போன்ற பிடிமானத்தை உண்டாக்கும்; புரதம் உறைந்த எனாமலில் அந்த வடிவம் தெளிவாக எழாது. பல்நிறச் சிமென்ட் அடைப்பு மீண்டும் மீண்டும் கழன்றுவிழுவது இதனால்தான். அடைப்பின் விளிம்பு நல்ல எனாமலில் நிற்க வேண்டும், அல்லது பல்லை எஃகு உறையால் மூட வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறாருக்கு, மற்றவர்களைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு சிகிச்சை முதல் கடைவாய்ப் பற்களில் நடந்திருந்ததாக 2002-இல் ஒரு சுவீடன் ஆய்வு சொன்னது. பல் மருத்துவரைக் கண்டாலே நடுங்கும் குழந்தை பிடிவாதக்காரக் குழந்தை அல்ல.

இந்த வாதத்தை இங்கேயே சோதித்துப் பார்க்கலாம். சென்னையில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. அகச்சிவப்பு நிறமாலைமானி அடையாற்றுக்கு அருகே ஐ.ஐ.டி. வளாகத்திலேயே இருக்கிறது. அதில் 1650 அலையெண் அருகே புரதமும், 1030 அருகே பாஸ்பேட்டும், 872 அருகே கார்பனேட்டும் தனித்தனியே தெரியும்; ஒரு சிட்டிகை எனாமல் தூள் போதும். பல் மருத்துவர்களே, பிடுங்கிய முதல் கடைவாய்ப் பல்லை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுமுன், பெற்றோரின் இசைவோடு, தைமால் கரைசலில் இட்டு வையுங்கள். பிள்ளை எந்தப் பகுதியில் வளர்ந்தது, முதல் மூன்று ஆண்டுகளில் என்ன நோய் கண்டது, எந்தத் தண்ணீர் குடித்தது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.