உளியும் வலுவும்

திகனவுக்கு அண்மையில் மகாவலியை மறித்து எழுந்த விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் மின்னிலையம் 210 மெகாவாற்று வலுவுடையது. இத்தகைய மின்வலு, உலோகப் பட்டறையிலே கடைசற்பொறியின் மோட்டராக வந்து நிற்கிறது. ஆயினும், கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் உளியைப் புகழ்ந்து வலுவை மறந்துவிடுகின்றனர்.

நீராவிக் காலத்துப் பட்டறைகளில் மேலே சுழலும் தண்டொன்றே தோல்வார்களாற் பல பொறிகளை இயக்கிற்று. ஆழமாக வெட்டினால் வார் வழுக்கும். 1900இல் பாரிஸ் கண்காட்சியிலே டெய்லர், வைற் என்னும் அமெரிக்கர் இருவரின் உயர்கதி உருக்கு உளி, சிவக்கச் சூடேறியும் மழுங்காது வெட்டிற்று. அவ்வுளிக்கு ஈடுகொடுக்கப் பொறிகளே வலிமை பெறவேண்டியதாயிற்று. 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் குருப் நிறுவனம் ‘விடியா’ என்னும் தங்குதன் காபைட்டைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

மென்னுருக்கை 2 மில்லிமீற்றர் ஆழத்திலும், சுற்றொன்றுக்கு 0.2 மில்லிமீற்றர் ஊட்டத்திலும் வெட்டுவதாகக் கொள்வோம். எதிர்க்கும் விசை ஏறத்தாழ 800 நியூற்றன். நிமிடத்துக்கு 30 மீற்றர் வேகமெனின் வெட்டுவதற்கு 400 வாற்று போதும். காபைட்டு தாங்கும் 120 மீற்றரெனின் 1,600 வாற்று வேண்டும். ஆழம் இருமடங்காயின் வலுவும் இருமடங்காகும்.

ஆகவே, பழைய பொறியிற் காபைட்டு முனையைப் பூட்டிவிட்டு, மோட்டர் திணறும்போது தொழிலாளியின் கைத்திறனைப் பழித்தல் நீதியன்று. உளியும் பொறியும் வலுவும் ஒருங்கே வளர்ந்தபோதுதான் உற்பத்தி வளர்ந்தது என்பதே வரலாறு தரும் பாடம்.