எந்த ஆல்பம் முதலில்? தென்னிந்திய மெட்டல் ரசனையில் தரவரிசையின் வரலாறு

2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்திய மேடை ஏறியது. 1975-ல் ஸ்டீவ் ஹாரிஸ் லண்டனில் தொடங்கிய குழு இங்கே வந்து சேர 32 ஆண்டுகள் ஆயின. அதுவும் 2006-ல் வெளியான 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்துக்கான பயணத்தில்தான் வந்தது. அதே பயணத்தின் முதல் கட்டத்தில், புதிய ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மேடையில் அப்படியே வாசித்து, பழைய பாட்டுகளுக்காகக் காத்திருந்த ரசிகர்களைக் குழு இரண்டு கட்சியாக்கியிருந்தது. 2008 பிப்ரவரி 1-ல் மும்பையில் அது மறுபடியும் மேடையேறியபோது நிலைமை தலைகீழ். 1992-ன் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' ஒன்றைத் தவிர அன்று வாசித்ததெல்லாம் எண்பதுகளின் பாட்டுகள். இந்திய ரசிகர் பதினோரு மாத இடைவெளியில் ஒரே குழுவிடமிருந்து இரண்டு எதிரெதிர் வாக்குமூலங்களைக் கேட்டார். எங்கள் உச்சம் இன்றுதான் என்றது ஒன்று. எங்கள் உச்சம் அன்றே முடிந்தது என்று சொல்லாமல் சொன்னது மற்றொன்று.

எந்த ஆல்பம் சிறந்தது என்ற வாதம் மெட்டல் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் உண்டு. அந்த வாதத்தில் வெளிப்படுவது வெறும் ருசி என்றே பலரும் எண்ணுகிறார்கள். தென்னிந்தியாவில் அது எப்படி உருவானது என்று தேடிப் பார்த்தால் வேறு ஒன்று புலப்படுகிறது. எந்த இசை, எந்த ஆண்டில், எந்த வடிவில், எந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதே இங்கே தரவரிசையைப் பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

நிலவியலிலிருந்து தொடங்கலாம். சேர்வராயன் மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலத்தை அடைந்தால் பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர். சென்னையோ 340 கிலோமீட்டர். ஏற்காடு, சேலம், தர்மபுரி, ஓசூர் வட்டாரத்து மெட்டல் ரசிகருக்குத் தலைநகர் அரண்மனை மைதானம்தான். டீப் பர்ப்பிள், ஸ்கார்ப்பியன்ஸ், மெகாடெத், மெட்டாலிக்கா, ஸ்லேயர் எல்லாம் வந்தது பெங்களூருக்கு. ஏற்காட்டில் 1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளும் இந்த வரைபடத்தில் சேர வேண்டியவை. பல நகரங்களின் பிள்ளைகள் ஒரே விடுதியில் கூடும் இடத்தில், விடுமுறை முடிந்து திரும்புகிறவரின் பெட்டியோடு பாட்டும் மலையேறும். மெட்டலின் பரவலை ஆராய்கிறவர்கள் மாநகரங்களை மட்டுமே பார்ப்பது பெரிய குறை.

பாட்டை வரிசைப்படுத்தும் பழக்கம் இந்தியாவுக்கு மெட்டலோடு வந்ததல்ல. 1952-ல் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' இந்தித் திரைப்பாடல்களுக்கு வாரந்தோறும் இடம் கொடுத்தது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் வைத்து வரிசை அமைந்தது. அமீன் சயானியின் குரலில் நாடே அதைக் கேட்டது. ஆனால் அங்கே போட்டியிட்டவை தனித்தனிப் பாட்டுகள். தமிழ்நாட்டிலும் அப்படியே. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்று கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்குப் பாட்டுதான் அலகு. முழு ஆல்பத்தை ஒரே படைப்பாகக் கேட்டு, இன்னொரு முழு ஆல்பத்தோடு ஒப்பிடுவது தமிழ்ச் செவிக்குப் புதிய பயிற்சி. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் திரைக்கு வெளியே அந்தப் பயிற்சியை ஓரளவு தந்தது. மெட்டல் ரசிகரோ அதை ஒரு கடமையாகவே ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கடமைக்குக் கேசட் ஒத்துழைத்ததா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். அயர்ன் மெய்டனின் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' சுமார் 40 நிமிடம் ஓடும். ஒரு பக்கத்தில் அழகாக அடங்கிவிடும். அதே குழுவின் 1984 ஆல்பமான 'பவர்ஸ்லேவ்' 51 நிமிடம். அதன் கடைசிப் பாட்டு கோல்ரிட்ஜின் முதிய மாலுமிக் கவிதையை வைத்து எழுதப்பட்டது. ஏறத்தாழ 14 நிமிடம் நீளும். ஆங்கில இலக்கிய வகுப்பில் அந்தக் கவிதையைப் படித்த தமிழ் மாணவருக்கு இதைவிட நெருக்கமான மெட்டல் பாட்டு கிடைக்காது. ஒரே பக்கத்தில் ஆல்பத்தை ஏற்ற முயன்றால் இந்தப் பாட்டு ஏறத்தாழப் பாதியில் அறுந்துவிடும். மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 55 நிமிடத்தைத் தொடுகிறது. அதில் அறுந்துபோவது 'ஒராயன்'. பாடகர் குரலே இல்லாத அந்த இசையில் கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார்தான் பேசும். அதற்கு அடுத்த கடைசிப் பாட்டு ஏறவே ஏறாது. ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' 29 நிமிடம்தான் என்பதால் அதன் அசல் கேசட்டிலேயே இரண்டு பக்கமும் முழு ஆல்பம் இருந்தது. பக்கம் திருப்பினாலும் அதே புயல். நகல் கேசட்டில் கேட்டு வளர்ந்தவர் குட்டையான, இறுக்கமான ஆல்பங்களை மேலே வைத்தால் அதில் நாடாவின் நீளத்துக்கும் பங்கு உண்டு. அன்றைய வாதங்களைப் படிக்கும்போது இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது நியாயமாகாது.

1991 ஒரு திருப்பம். அந்த ஆண்டு ஆகஸ்டில் மெட்டாலிக்காவின் கறுப்பு அட்டை ஆல்பம் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்டார் டிவி வழியாக எம்டிவி இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. ஆக, இங்கே ஒரு தலைமுறைக்கு மெட்டாலிக்கா அந்த ஐந்தாவது ஆல்பத்தில்தான் பிறந்தது. முந்தைய நான்கையும் அவர்கள் பின்னோக்கி நடந்து கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் 1983-லிருந்து கூடவே வந்த ரசிகர்களில் பலர் கறுப்பு ஆல்பத்தைத் துரோகம் என்றார்கள். இங்கே அது வாசல். வாசல் வழியாக வந்தவர் வாசலைத் துரோகம் என்று சொல்வதில்லை. பின்னாளில் உள்ளே போய் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பக்கம் கட்சி மாறியவர்களும் உண்டு. உலகப் பட்டியல்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2017-ல் வெளியிட்ட 100 மெட்டல் ஆல்பங்களின் வரிசையில் பிளாக் சப்பாத்தின் 'பாரனாய்ட்' முதலிடம், 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இரண்டாமிடம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016-ல் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த முதல் மெட்டல் ஆல்பமும் அதுவே. 2011 அக்டோபர் 30-ல் மெட்டாலிக்கா அரண்மனை மைதானத்துக்கு வந்தது. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்கவிருந்த கச்சேரி ரத்தாகியிருந்ததால் அந்த மாலையின் எதிர்பார்ப்பு பன்மடங்கு கூடியிருந்தது.

கச்சேரிகள் வந்தபின் வாதத்தின் சான்றுகள் மாறின. அதுவரை ஒலிநாடாவும் கேள்வியறிவும் மட்டுமே ஆதாரம். இப்போது மேடையில் எந்தப் பாட்டு நின்றது, எது தளர்ந்தது என்பது நேரில் கண்ட சாட்சியானது. தமிழ்நாட்டுக்குள்ளேயே இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழா. ஸ்வீடனின் ஓபெத் அங்கே வாசித்தது. மிருக உறுமலும் மென்குரலும் ஒரே பாட்டில் மாறி மாறி வரும் குழு அது. 2001-ன் 'பிளாக்வாட்டர் பார்க்' அந்தக் கலவையின் சிகரம். 2011-ல் வந்த 'ஹெரிடேஜ்' உறுமலை அறவே கைவிட்டது. சென்னையில் கேட்டவர்கள் அந்தப் பிரிவுக்கு இரண்டு ஆண்டு முன்பு கேட்டவர்கள். 'ஹெரிடேஜ்' பற்றிய அவர்களின் ஏமாற்றத்தை வெறும் பழமைப் பற்று என்று தள்ள முடியாது. காதால் நேரே கேட்ட ஒன்றை இழந்தவர்கள் அவர்கள்.

ரசிகர் வாதம் குழுக்களின் காதுக்கும் எட்டும். அயர்ன் மெய்டனின் 1986 ஆல்பம் 'சம்வேர் இன் டைம்'. அதிலுள்ள மாவீரன் அலெக்சாண்டர் பற்றிய நீண்ட பாட்டைக் குழு மேடையில் தொட்டதே இல்லை. ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். 37 ஆண்டு கழித்து, 2023 மே மாதம் ஸ்லோவேனியாவில் அது முதன்முறையாக ஒலித்தது.

எல்லாவற்றிலும் நெருக்கமான வழக்கு கடல் கடந்த தமிழரிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1992-ல் உருவான ருத்ரா, கதிரசன் முதலான இந்திய வம்சாவளி இளைஞர்கள் எழுப்பிய டெத் மெட்டல் குழு. தங்கள் இசையை வேத மெட்டல் என்று அழைத்தார்கள். முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. பிறகு 2001-ல் 'தி ஆர்யன் குருசேட்', 2003-ல் 'குருக்ஷேத்ரா'. அதன்பின் 2005, 2009, 2011 ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற மூன்று பகுதி. இசையியல் ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இந்தக் குழுவையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மெட்டலைப் பற்றிய கல்விப்புல எழுத்தில் தமிழர் சார்ந்த குழுவுக்குக் கிடைத்த அரிய கவனம் அது.

ருத்ராவின் ஆல்பங்களை வரிசைப்படுத்த உட்காரும்போது அளவுகோலே வேறாகிவிடுகிறது. மெய்டனுக்குக் கேட்கும் கேள்விகள் எளிது: பாடகர் டிக்கின்சனா, டி'ஆன்னோவா, பிளேஸ் பெய்லியா? ருத்ராவிடம் கேட்பவை பாடகரைத் தாண்டியவை. கர்நாடக இசைக் கூறு ரிஃப்புக்குள் கரைந்திருக்கிறதா, அல்லது மேலே தூவப்பட்டதா? சமஸ்கிருத வரிகள் பாட்டுக்கு வலுவா, அலங்காரமா? ஆங்கிலமும் சமஸ்கிருதமும் முன்னே நிற்கும் இடத்தில் தமிழ் எங்கே? 2001 ஆல்பத்தின் தலைப்பு மட்டுமே தமிழ்நாட்டு அரசியல் சூழலில் வளர்ந்த ஒருவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். சிங்கப்பூரில் அதே தலைப்பு அவ்வளவு கனமாக விழாது. ஒரே ஆல்பம், இரண்டு கரைகளில் இரண்டு இடம்.

இந்தக் கட்டுரையின் பார்வையில் ருத்ராவின் உச்சம் 2005-ன் 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ'. 'குருக்ஷேத்ரா'வின் வேகமும் கோபமும் அதைவிடக் கூடுதல் என்று வாதிடுவோர் உண்டு; போர்க்களத்தைப் பாடும் ஆல்பத்துக்கு அந்த வேகம் பொருத்தமே. ஆனால் உபநிடதச் சிந்தனையைப் பாடுபொருளாக எடுத்த 2005 ஆல்பத்தில் மெட்டலும் மரபிசையும் ஒன்றுக்கொன்று காவல் நிற்காமல் சேர்ந்தே நடக்கின்றன. இன்று இந்த ஆல்பங்கள் கைபேசியில் ஒரே நாளில் கிடைக்கின்றன. எது முதலில் ஊருக்கு வந்தது என்பது புதிய ரசிகருக்குப் பொருட்டே இல்லை. 1998-ன் முதல் ஆல்பத்தைக் கடைசியாகக் கேட்கும் ஓர் இளைஞர், அதன் கரடுமுரடான ஒலியையே குழுவின் உண்மைக் குரலாக முதலிடத்தில் வைக்கக்கூடும். அவரோடு வாதிட இப்போது வேறு சான்றுகள் வேண்டும்.