ஆளுக்கு இரண்டு மணி



மார்கழி பிறக்கும் முன்பே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். கையுறை போட்ட இளம்பிள்ளைகள் நீள மேசைக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு மணி. ஒருவர் மாற்றி ஒருவர் அசைக்க அசைக்க, ஒரு முழுப் பாட்டு எழுந்து வரும். "இது என்னங்க சார், எங்கிருந்து வந்துச்சு?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இதற்கு ஹேண்ட்பெல் கொயர் என்று பெயர். நாம் கைமணிக் குழு என்று சொல்லிக்கொள்வோம். இதன் வரலாறு கொஞ்சம் நீளம், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்த மணியைப் பார்ப்போம். நம் வீட்டுப் பூஜை மணியின் நாக்கு நாலா பக்கமும் ஆடும். எப்படி அசைத்தாலும் கணகணவென்று சத்தம் வரும். கைமணியின் நாக்கு முன்னும் பின்னும் மட்டுமே போகும். ஒரு தடவை அசைத்தால் ஒரே ஒரு அடி. அடித்தவுடன் நாக்கு உலோகத்தில் ஒட்டி நிற்காதபடி உள்ளே சின்ன ஸ்பிரிங் தடுக்கும். மணி வெண்கலம்தான், ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வார்த்த பிறகு லேத்தில் ஏற்றிச் சீவிச் சீவிச் சுருதி சேர்ப்பார்கள். கோவை லேத் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஒரு மணிக்கு ஒரே ஒரு சுரம். ஒரு ஸ்தாயிக்கு 12 சுரஸ்தானம். மூன்று ஸ்தாயிக்கு 36, மேலே முடிக்க ஒன்று, ஆக 37 மணி. ஐந்து ஸ்தாயி என்றால் 61. மூன்று ஸ்தாயிக்குச் சுமார் 11 பேர் வேண்டும். ஒரு பியானோவை உடைத்து, கட்டை கட்டையாகப் பதினோரு பிள்ளைகள் கையில் கொடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே தேவாலயக் கோபுரங்களில் ஐந்தாறு, எட்டு என்று பெரிய மணிகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு, ஒரு ஆள். 17-ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். பாட்டு எதுவும் கிடையாது. மணிகள் அடிக்கும் வரிசையை, வந்த வரிசை திரும்ப வராமல், மாற்றிக்கொண்டே போக வேண்டும். கணக்கு வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? நாலு மணிக்கு 24 வரிசை. ஏழு மணிக்கு 5,040. அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு 40,320. இதையும் 1963-இல் லஃப்பரோ என்ற ஊரில் எட்டுப் பேர் ஆள் மாற்றாமல் அடித்து முடித்தார்கள். கிட்டத்தட்ட 18 மணி நேரம் ஆனது. இந்தக் கலைக்கான முதல் புத்தகம் 1668-லேயே வந்துவிட்டது.

இவ்வளவு வரிசையையும் மனப்பாடம் செய்யப் பயிற்சி வேண்டும். குளிர்காலத்தில் கோபுரத்தில் நிற்க முடியாது. இரவில் பெரிய மணியை அடித்தால் ஊர் தூங்காது. அதனால் சின்ன மணிகளை வீட்டுக்கோ சாராயக்கடைக்கோ எடுத்துப் போய், கணப்பருகில் உட்கார்ந்து பழகினார்கள். வில்ட்ஷயரில் ஆல்ட்போர்ன் என்ற கிராமத்து வார்ப்புக்காரர்களான ராபர்ட் கோர், வில்லியம் கோர் என்ற சகோதரர்கள் 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுருதி சேர்த்த கைமணிகள் செய்தார்கள். பயிற்சிக்கு வந்த மணியில் பாட்டும் வாசிக்கலாமே என்ற எண்ணம் பிறகு வந்தது.

அந்தப் பாட்டை வளர்த்தவர்களில் பெரும்பங்கு மில் தொழிலாளிகளுடையது. லங்காஷயர், யார்க்ஷயர் பஞ்சாலை ஊர்களில் கைமணிக் குழுக்கள் முளைத்தன. 1855-இலிருந்து மான்செஸ்டரின் பெல் வியூ பூங்காவில் போட்டியே நடந்தது. நம் கோவையைத் 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று பாடத்தில் படித்தோமே, அந்த மான்செஸ்டர்தான். இங்கே ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் பஞ்சாலை தொடங்கிய காலத்தில், அங்கே பஞ்சாலை ஆட்கள் ஷிப்ட் முடிந்து மணி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

1844-இல் அமெரிக்க வேடிக்கை வியாபாரி பார்னம் ஒரு லங்காஷயர் குழுவைக் கூட்டிப்போனார். மீசை வளர்க்கச் சொல்லி, சுவிஸ் நாட்டு உடுப்பு மாட்டி, 'சுவிஸ் மணிக்காரர்கள்' என்று மேடை ஏற்றினார். "எங்கள் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமே" என்று அவர்கள் பயந்தபோது, நீங்கள் பேசும் ஆங்கிலம் எப்படியும் யாருக்கும் புரியாது என்று தைரியம் சொன்னாராம்!

இளைஞர் குழு என்று பார்த்தால், எனக்கு மிகவும் பிடித்த செய்தி பாஸ்டன் நகரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஓல்டு நார்த் தேவாலயத்துக்கு 1744-இல் வார்த்த எட்டுக் கோபுர மணிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. 1750 வாக்கில் ஏழு பையன்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வாரம் ஒரு மாலை இரண்டு மணி நேரம் மணி அடிக்க வருவோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைவரைத் தேர்ந்தெடுப்போம். எல்லோரும் சம்மதித்தால்தான் புது ஆள். யாரிடமும் காசு கேட்க மாட்டோம். கையெழுத்திட்டவர்களில் ஒருவன் பால் ரெவியர். அப்போது வயது பதினைந்தை ஒட்டி. பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போரின் புகழ்பெற்ற வீரர், மணி வார்ப்பவரும் ஆனார். பெரியவர்கள் யாரும் எழுதித் தராமல் பிள்ளைகளே எழுதிக்கொண்ட சட்டம் அது.

1902-இல் அதே பாஸ்டனிலிருந்து மார்கரெட் நிக்கல்ஸ் என்ற இளம்பெண் லண்டன் போய்க் கோபுர மணி அடித்துக் காட்டினார். பாராட்டாக ஒரு தொகுதி கைமணிகள் கிடைத்தன. பின்னாளில் திருமதி ஷர்க்ளிஃப் என்று அறியப்பட்ட அவர், ஊர் திரும்பிய பின் 1923-இல் ஒரு குழுவைத் தொடங்கினார். 1954-இல் அமெரிக்காவுக்கே ஒரு சங்கம் அமைந்தது. அதன் பிறகு தேவாலய இளைஞர் குழுக்களில் இது வேகமாகப் பரவியது. காரணம் எளிது. பாட்டுக் குழுவில் குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். மணிக்குக் குரல் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். இன்று ஜப்பான், தென்கொரியா, ஹாங்காங் வரை பள்ளிகளிலும் ஆலயங்களிலும் இது நடக்கிறது.

குழுக்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. கையுறை அழகுக்கு அல்ல. விரலின் எண்ணெயும் வியர்வையும் பட்டால் வெண்கலம் கறுக்கும். இசைத்தாளில் அவரவர் சுரத்தைக் கலர் பேனாவால் வட்டமிட்டுக்கொள்வார்கள். அடித்த மணியைத் தோளில் அணைத்து நிறுத்தப் பழகுவதுதான் பெரிய பாடம். மணியை யாரும் அடித்துவிடலாம், சரியான இடத்தில் நிறுத்துவதுதான் வித்தை. முதல் வாரப் பயிற்சி வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிதான் இருக்குமாம். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு யானை புகுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை!

இந்தியாவில் புனே நகரத்துத் திருநாம ஆலயத்தில், இங்கிலாந்து முறைப்படி கயிறிழுத்து அடிக்கும் எட்டு மணிகள் உண்டு. ஆனால் கைமணி நம் பக்கம் வேர் பிடிக்கவில்லை. ஒரு காரணம் இசையிலேயே இருக்கிறது. பாமாலை மெட்டுகள் மணிக்கு இணங்கும். வேதநாயக சாஸ்திரியார் வழி வந்த கீர்த்தனைகளுக்குக் கமகம் வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக மணியால் முடியாது. நம் ஈரோட்டில் பணிசெய்த மிஷனரி எச். ஏ. பாப்லி இதை நன்றாக உணர்ந்தவர். தமிழிசையிலேயே ஊழியம் செய்தார். 1921-இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். மேல்நாட்டு முறை எல்லாவற்றையும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பது அவர் வாழ்க்கை சொல்லும் பாடம்.

பிறகு ஏன் இதைச் சொல்கிறேன்? முதல் உலகப் போருக்குப் பையன்கள் போனார்கள். பலர் திரும்பவில்லை. ஒருவர் இல்லாவிட்டால் இரண்டு சுரம் இல்லை. நாலு பேர் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. போருக்குப் பின் குழுக்கள் மெலிந்தன, சில ஆண்டுகளில் பெல் வியூ போட்டியும் நின்றது. ஆனால் இரண்டாம் போரில் வேறு மாதிரி நடந்தது. 1940-இல் அரசு கோபுர மணிகளுக்குத் தடை போட்டது. எதிரி இறங்கினால் மட்டுமே அடிக்கலாம். அப்போது மிச்சமிருந்தவர்கள் வீட்டுக்குள் கைமணிகளில் வரிசைகளை மறக்காமல் பழகினார்கள். தடை நீங்கியபோது கோபுரம் ஏற ஆள் இருந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளைப் போர் கொண்டுபோகவில்லை. பெங்களூரும் துபாயும் கொண்டுபோகின்றன. போகத்தான் வேண்டும் கண்ணுகளா, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆலயப் பாட்டுக் குழுவோ, கோவில் பஜனைக் கோஷ்டியோ, ஒயிலாட்டக் குழுவோ, ஆள் குறைந்ததும் நாம் செய்வது என்ன? ஒரு கீபோர்டும் பென்டிரைவும் வாங்கி வைத்துவிடுகிறோம். சத்தம் குறையவில்லை. ஆனால் ஒருவர் வராததை யாரும் கவனிக்காத குழுவில், அடுத்த வாரமும் வர ஒரு பிள்ளைக்கு என்ன காரணம் இருக்கும்?

61 மணி வாங்க நம்மால் முடியாது, தேவையும் இல்லை. பாஸ்டன் பையன்களின் தாளை வாங்கிக்கொள்ளலாம்; அதற்குக் காசு வேண்டாம். வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், வருவோம் என்று ஒரு கையெழுத்து. உங்கள் பிள்ளைகள் எந்தக் குழுவில் இருந்தாலும் சரி, அவர்களுடைய இரண்டு சுரம் எது என்று கேட்டுப் பாருங்கள். அதைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு எட்டு வீட்டுக்கும் வந்து போங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்