தீபாவளி போனஸும் புரோநோட்டின் பின்பக்கமும்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு



போனஸ், அகவிலைப்படி நிலுவை, சரண்டர் பணம் என்று ஏதாவது கைக்கு வரும் மாதம் இது. போன வாரம் மட்டும் மூன்று பழைய மாணவர்கள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “சார், நகைக்கடன் இருக்கு, வீட்டுக்கடன் இருக்கு. இந்தச் சின்னப் பணத்தைப் போட்டு என்ன ஆகப்போகுது? செலவு பண்ணிடலாமா?” வரலாற்று ஆசிரியரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போனஸ் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதல் உலகப்போர் நேரத்தில் விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. 1917இல் பம்பாய் பஞ்சாலை முதலாளிகள் கூலிக்கு மேல் 10 சதவீதம் ‘போர் போனஸ்’ கொடுத்தார்கள். அன்று அது முதலாளியின் தயவு. தொழிலாளர்கள் போராடிப் போராடி அதை உரிமையாக மாற்றினார்கள். 1965இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் ஆண்டுக் கூலியில் 4 சதவீதம் என்று வைத்தார்கள். 1971-72ஆம் கணக்காண்டு முதல் அது 8.33 சதவீதம் ஆனது. இது என்ன விசித்திரமான எண் என்று வகுப்பில் கேட்பீர்களே, நினைவிருக்கிறதா? நூறைப் பன்னிரண்டால் வகுங்கள். ஒரு மாதச் சம்பளம், அவ்வளவுதான்.

இனி கடன் பக்கம் வருவோம். 1895இல் சென்னை மாகாணத்தின் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி. ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து, ஜெர்மனியில் ரைபைசன் தொடங்கிய கடன் சங்கங்களைப் போல இங்கேயும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தவர் அவர். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கினார்கள். அப்படியும் 1935இல் சத்தியநாதன் விசாரித்தபோது மாகாணத்தின் கடன் 200 கோடி என்று கணக்கு வந்தது. 1930க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். வாங்கிய கடன் அதே தொகை. ஆனால் அதை அடைக்க முன்பைவிட அதிக மூட்டை நெல் அளக்க வேண்டியதாயிற்று.

1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில் நின்றுபோன வட்டி ரத்தானது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. புதிய கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 6.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதுவும் விசித்திரமான எண்தான். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்படி, ஆக 192 தம்படி. ரூபாய்க்கு மாதம் ஒரு தம்படி வட்டி என்றால் வருடத்துக்கு 12 தம்படி. 192இல் 12 என்பது 6.25 சதவீதம்.

இரு மடங்கு கட்டியவருக்குக் கடன் இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் கட்டியதைக் காட்ட வேண்டும் அல்லவா? அதனால்தான் புரோநோட்டின் பின்பக்கம் முக்கியம். கடனின் கதை முன்பக்கத்தில் தொடங்குகிறது. அது எப்படி முடிந்தது என்பது பின்பக்கத்து ‘வரவு’ வரிகளில் இருக்கிறது. தேதி, தொகை, கையெழுத்து.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தது. 1966இல் அத்தை கல்யாணத்துக்காக என் அப்பா 1,200 ரூபாய் கடன் வாங்கினார். ஒன்றரை வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். மாத வட்டி 18 ரூபாய். அப்பா ஒரு சிறிய பஞ்சாலையில் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 200. ஆலை எப்போதும் நஷ்டக் கணக்குக் காட்டும். எனவே சட்டப்படி உள்ள குறைந்தபட்சப் போனஸ்தான், 96 ரூபாய். அதில் பாதி ஜவுளிக்கு, பாதி நோட்டுக்கு என்பது அம்மா போட்ட சட்டம். ஜவுளிக்கடைக்குப் போகும் முன் அந்த 48 ரூபாய் கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடும். கன்றுக்குட்டி விற்ற காசு, ஓவர்டைம் காசு, தாய்மாமா கையில் வைத்துவிட்டுப் போன காசு எல்லாவற்றிலும் ஒரு பங்கு அங்கே போகும். 15 ரூபாய்கூட வரவாகியிருக்கிறது.

எல்லாம் சேர்த்து வருடம் ஏறக்குறைய 108 ரூபாய்தான். அசலோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அம்மா இன்னொன்றும் செய்தார். அசல் குறைந்ததால் மாத வட்டி 16 ஆனது, 14 ஆனது. அம்மா மட்டும் மாதாமாதம் அதே 18 ரூபாயைக் கொடுத்து அனுப்பினார். மிச்சம் அசலில் கழிந்தது. முதல் வருடம் அந்த வகையில் கழிந்தது 20 ரூபாய்க்குள். ஐந்தாவது, ஆறாவது வருடங்களில் அதுவே நூறைத் தாண்டியது. 1972 தீபாவளிக்குப் போனஸ் 8.33 சதவீதமானது, 200 ரூபாய் கைக்கு வந்தது. அந்த ஒரு முறை அம்மா தன் சட்டத்தைத் தானே மீறினார். மீதி இருந்த சுமார் 180 ரூபாயை ஒரேயடியாகக் கட்டி நோட்டை வாங்கிக் கிழித்தார்கள். பின்பக்கத்தை மட்டும் அப்பா பத்திரமாக வைத்திருந்தார்.

வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போயிருந்தால்? ஆறு வருடத்தில் 1,296 ரூபாய் போயிருக்கும், 1,200 ரூபாய் அப்படியே நின்றிருக்கும்.

இதை வைத்து ‘சிக்கனமாக இருந்தால் யாரும் கடன் அடைக்கலாம்’ என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. அதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் தானிய விலை ஏறியது. விவசாயக் கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. சென்னை அரசு பி.வி. நாராயணசாமி நாயுடு என்ற பொருளாதார அறிஞரை விசாரிக்கச் சொன்னது. 1946இல் வந்த அறிக்கையைப் பாருங்கள். பெரிய நிலக்காரர்கள் நிறையக் கடன் அடைத்திருந்தார்கள். விற்பதற்கு அவர்களிடம் நெல் இருந்தது. கூலித் தொழிலாளிகளின் கடனோ கூடியிருந்தது. அவர்கள் அதே நெல்லை விலை கொடுத்து வாங்க வேண்டியவர்கள். எனவே கடனில் இருப்பவரைப் பார்த்து ஊதாரி என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. பஞ்சாபில் கூட்டுறவுத் துறையில் இருந்த மால்கம் டார்லிங் 1925இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கால்வாய்ப் பாசனம் வந்து, நிலத்தின் விலை ஏறி, ஊர் செழித்தபோது கடனும் சேர்ந்தே வளர்ந்ததை அதில் காட்டினார். சொத்து மதிப்பு ஏறினால் கேட்ட கடன் கிடைக்கும். வசதி வந்ததும் கல்யாணச் செலவும் பெரிதாகும். இன்று பவுன் விலை ஏறியதும் அதே நகையை அதிகத் தொகைக்குத் திருப்பி வைக்கிறோமே, அதுவும் இதே கதைதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதில் முதலில் போடுங்கள். இரண்டு வட்டிக் கடன் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அந்த வட்டியை எந்த வைப்புநிதியும் உங்களுக்குத் தராது. நகைக்கடனில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதோடு நிற்காமல், அசலிலும் ஒரு பகுதியைக் குறையுங்கள்.

வீட்டுக்கடன்காரர்களுக்கு ஒரு கணக்கு. 10 லட்சம், 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 8,997. முதல் மாதம் அதில் 7,500 வட்டி. அசலில் கழிவது 1,497தான். அந்த நேரத்தில் கூடுதலாக 10,000 ரூபாய் கட்டினால், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஆறு தவணைகள், ஏறக்குறைய 54,000 ரூபாய், கட்டாமல் போகும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது.

எவ்வளவு சிறிய தொகை கட்டினாலும் ரசீது வாங்குங்கள். தனியாரிடம் என்றால் நோட்டின் பின்னால் வரவு எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

குழந்தைகளுக்குப் புதுத்துணி எடுக்காமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டச் சொல்லவில்லை. எங்கள் அம்மாவும் அப்படிச் செய்யவில்லை. பாதி பண்டிகைக்கு, பாதி கடனுக்கு. கடைக்குப் போகும் முன் அந்தப் பாதியைக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். கடைக்குப் போய்வந்த பிறகு பாதி என்பது யார் வீட்டிலும் மிஞ்சியதில்லை.

உங்கள் தாத்தா பாட்டி வைத்திருந்த பழைய புரோநோட்டு, சீட்டுப் புத்தகம், வரவு செலவு நோட்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கீழே சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் வராத வரலாறு அது.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்